சுண்டுவிரல்

எனக்கு ஜெபிக்க வராது.
புதன்கிழமை ஐக்கிய சங்கத்தில்
வட்டமாய் உட்கார்ந்து ஆளுக்கொன்றாய்ச் சொல்லிவரும்போது
என் முறை வந்ததும் தொண்டையில்
கொழுந்துச் சாக்கு அடைத்துக்கொள்ளும்.
ஆயரம்மா நல்லவர். இருமுவார்.
அடுத்தவள் ஆரம்பித்துவிடுவாள்.

எனக்கு வருவது நகம் வெட்ட.

ஞாயிறு ஆராதனை முடிந்தால்
கட்டபெட்டில் பதினொன்றே முக்கால் பஸ்.
வண்டிச்சோலை வளைவில் தலை சுற்றும், பழகிவிட்டது.
குன்னூர் பெரியாஸ்பத்திரியில்
கூட ஆளில்லாத கட்டில் எதுவென்று
நர்ஸ் ஷைலா கண்ணாலேயே காட்டுவாள்.
சந்தையில் வாங்கிய நகவெட்டி, கொஞ்சம் டெட்டால்,
விரிக்கப் பழைய பேப்பர்.
பைக்குள் வேதபுத்தகமும் இருக்கும்.
அங்கே அதைத் திறந்ததில்லை.

கேத்தியில் கேரட் கழுவ வந்த ஜார்க்கண்ட் பையன்
ஒரு கை முழுக்க மாவுக்கட்டு,
அவன் பாஷையில் நீளமாய் என்னமோ சொன்னான்.
நான் என் பாஷையில் ‘ஆடாதே’ என்றேன்.
இடுப்பு முறிந்த ஒருவர்
வெட்டி முடித்ததும் பத்து ரூபாய் நீட்டினார்,
வாங்காததற்குக் கோபித்துக்கொண்டார்.
நகத்தடி மண்ணைப் பார்த்தே ஆளின் வேலை சொல்வேன்:
உருளைக்கிழங்குக் காடு கறுப்பு,
ரோட்டு வேலை சிவப்பு,
தேயிலை மண்ணே இல்லை, கறை.
டெட்டாலுக்கும் போகாது.
என் விரலிலும் அதுதான்.

போன ஞாயிறு பதினோராம் கட்டில்.
வாய் ஒருபக்கம் கோணி, வலது கை செத்து,
கோதண்டன் மேஸ்திரி.

பதினேழு வருஷம் என் கொழுந்தை நிறுத்தவர்.
மாசி வெயிலிலும் ‘ஈரக் கழிவு’ எழுதுவார்.
அது போதாதென்று
தராசில் தொங்கும் மூட்டையின் அடியில்
இடது சுண்டுவிரல் லேசாய்த் தாங்கும்.
முள் ஒன்றரைக் கிலோ இறங்கும்.
எல்லாருக்கும் தெரியும்.
ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்,
ஒரு கறவை மாடு வந்தது, கன்றோடு.

‘யாருமே வர்றதில்லக்கா’ என்றாள் ஷைலா.

வலது கை ஐந்தும் வெட்டினேன்.
இடது கையில் நான்கு.
சுண்டுவிரலைத் தொட்டேன்,
விட்டுவிட்டேன்.
பேப்பரை மடித்துக் குப்பைக்கூடையில் உதறிவிட்டு
திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.
வளைவில் அன்றைக்குத் தலை சுற்றவில்லை.
சந்தோஷமாகக்கூட இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

ராத்திரி உறைபனி.
லயன் தகரத்தில் அது இறங்கும் சத்தம் கேட்காது,
குளிர்தான் சொல்லும்.
எழுந்து முழங்காலிட்டேன்,
இதையாவது சொல்லிவிடலாமென்று.
வரவில்லை.
சிமெண்டுத் தரையில் முட்டி மட்டும் மரத்தது.
அரை இஞ்சு நகம்.
அதற்கா இந்தப் பாடு.

திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகவில்லை.
ஒருநாள் கூலி; அதையும்
அவர் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.
புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்க
முதல் பஸ்ஸில் நானும் பால்கேன்களும்.

இடது கையை எடுத்தேன்.
சுண்டுவிரலில் நகமில்லை.
கடித்துத் துப்பியிருக்கிறார்,
அந்தக் கோணல் வாயால்.
ஓரமெல்லாம் பிசிறு, கொஞ்சம் ரத்தம்.
என்னையே பார்த்தார்.
சிரிப்பா, வாயே அப்படித்தானா,
கண்டுபிடிக்க முடியவில்லை.

போயிருக்கலாம். எட்டரைக்கு பஸ் உண்டு,
அரைநாள் கூலியாவது தேறும்.
நகவெட்டியின் அரம் போட்டுப் பிசிறை ராவினேன்.
அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு
கால்மாட்டுக்குப் போனேன்.
போர்வையை விலக்கினேன்.

பத்தும் அப்படியே இருந்தன.